முதல் கீமோவிலேயே கிரியேட்டினின் ஏறிவிட்டது, மீதியை நிறுத்திவிடலாமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு மகள் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 61. விசைத்தறி ஓட்டியவர், நாற்பது வருடம் புகையிலை போட்டவர். வலது கன்னத்தின் உள்பக்கம் வந்த புற்றுநோயை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். கழுத்து நெறிக்கட்டி ஒன்றிலும் புற்று இருந்தது, அது நெறிக்கட்டியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருந்தது என்கிறது பயாப்சி அறிக்கை. அதனால் ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, மொத்தம் மூன்று தடவை என்று தொடங்கியிருக்கிறார்கள்.

முதல் கீமோ முடிந்து மறுநாள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாளிலிருந்து நான்கு நாள் ஓயாத வாந்தி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் கீமோவுக்கு முன் 0.9 இருந்தது, பத்தாம் நாள் 1.6. பதினேழாம் நாள் 1.4. எடை 57 கிலோவிலிருந்து 52. இரண்டாவது கீமோவைத் தள்ளிவைப்போம், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், "கிட்னி கெட்டால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது" என்று சொல்ல, அப்பா அதை அப்படியே கடைப்பிடிக்கிறார். பெரியப்பா நெருஞ்சிமுள் கஷாயமும் ஒரு மூலிகைப் பொடியும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். டயாலிசிஸ் வரை போகுமா, கீமோவை நிறுத்திவிட்டுக் கரண்ட் மட்டும் வைத்துக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரி மீது புகார் கொடுக்க இடமிருக்கிறதா என்பவை மகளின் கேள்விகள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ஒரு வாரமாக அப்பாவுக்குக் காதில் வண்டு ரீங்கரிப்பது போலச் சத்தம் கேட்கிறதாம். பலவீனம்தான் என்று நினைக்கிறோம்."

அம்மா, அடுத்த கீமோ நாள் நெருங்கியிருந்ததால் அவசரமானதை மட்டும் உங்களுக்கு முன்பே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். நான் சிறுநீரக மருத்துவன். கீமோ மருந்தைத் தேர்ந்தெடுப்பது என் வேலை இல்லை. அது உங்கள் புற்றுநோய் மருத்துவரின் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு முன் அவர் கையில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தால், அதில் பாதி அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று தெரிகிறது.

முதலில் தண்ணீர்

பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய மருத்துவர் சொன்னதைத்தான் சொன்னார். டயாலிசிஸில் இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரே சரியாக வராது. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் போய்த் தேங்கும். அதனால் அவருக்கு ஒரு லிட்டர் கணக்கு. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, காலில் வீக்கம் இல்லை, நீங்கள் இணைத்த எக்கோ அறிக்கையில் இதயமும் நன்றாக இருக்கிறது. இவருக்கு வந்த பாதிப்பே வேறு. இவர் தண்ணீரைக் குறைத்தால், ஆறிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் மறுபடி அடிபடும்.

சிஸ்பிளாட்டின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. போகும் வழியில், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்கள் அதை உள்ளே இழுத்துச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன; ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அங்கே சேர்ந்துவிடும். அந்தச் செல்கள் சாகின்றன. தண்ணீர் தாராளமாகப் போனால் மருந்து நீர்த்து, சீக்கிரம் கடந்து போகும். இது ஏதோ பொதுவான ஆரோக்கியக் குறிப்பு இல்லை. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, பிளாட்டினம் மின்முனைகளுக்கு இடையே வளர்ந்த பாக்டீரியா பிளவுபடாமல் நிற்பதைத் தற்செயலாகக் கவனித்ததில் தொடங்கியது இந்த மருந்தின் கதை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்று கரைந்தது, கூடவே சிறுநீரகமும் கெட்டது. மருந்தையே கைவிட வேண்டியதுதான் என்ற நிலை. நரம்பு வழியாகச் சலைனைத் தாராளமாக ஏற்றிக் கொடுத்தால் சிறுநீரகம் தாங்கும் என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும் அன்று இதெல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். சலைன் போகும், அதில் மெக்னீசியம் சேர்ப்பார்கள், வாந்தி வராமலிருக்க ஊசி போடுவார்கள். நான் பார்க்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது வீட்டுக்குப் போன அடுத்த ஒரு வாரத்தில்தான். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பட்டியலிலேயே இருக்கிறது.

பட்டியலில் இருந்த மூட்டு வலி மாத்திரை

பட்டியலில் பிபிக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. அது டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. இரண்டாவது சிறுநீரை அதிகம் போகச் செய்வது. கடைசியில், "மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், மெடிக்கலில் வாங்கியது, தினமும் ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வயலுக்குப் பாயும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் வாந்தியாலும் பிபி மாத்திரையில் உள்ள நீர் மருந்தாலும் வாய்க்காலில் தண்ணீரே குறைந்துவிட்டது. டைக்ளோஃபெனாக், தண்ணீர் உள்ளே வரும் மடையைச் சுருக்குகிறது. டெல்மிசார்டான், வெளியே போகும் மடையை அகலத் திறக்கிறது. நடுவில் இருக்கும் வடிகட்டிக்கு அழுத்தமே கிடைக்காது. நல்ல சிறுநீரகமே இதில் திணறும். இங்கே சிஸ்பிளாட்டின் வேறு.

அப்பாவைத் திட்டாதீர்கள். வலி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள்தான் நம்மிடையே அதிகம். மருத்துவர் கேட்டால் "பிபி மாத்திரை மட்டும்தான்" என்பார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் வகை எதுவும் இனி வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், போதாவிட்டால் டிரமடால் போன்றவற்றை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பார். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஐந்து கிலோ இளைத்து, சரியாகச் சாப்பிடாமல் இருப்பவருக்குப் பழைய அளவு இப்போது தேவையே இல்லாமல் இருக்கலாம். இரண்டு நாள் காலை மாலை பிபி பார்த்துக் குறித்துக்கொண்டுபோய்க் கேளுங்கள். வாந்தியோ பேதியோ இருக்கும் நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1.4 என்றால் எவ்வளவு மோசம்?

டயாலிசிஸ் பயம் இப்போதைக்கு வேண்டாம். 0.9இலிருந்து 1.6 என்பது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. அது 1.4க்கு இறங்கத் தொடங்கிவிட்டது. பொட்டாசியமும் சரியாக இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் மேலும் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் முழுக்கப் பழைய 0.9க்கு வந்தே தீரும் என்று உறுதி கூற மாட்டேன். சிலருக்குக் கொஞ்சம் பாதிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

அதே சமயம், "1.4 தானே, லேப் தாளில் எல்லை 1.3, கொஞ்சம்தான் கூட" என்று உங்கள் தம்பி சொல்வதும் தவறு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆள் இளைத்துத் தசை குறையக் குறைய அது குறைவாகவே காட்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று அறிய, வயது, எடை சேர்த்துப் போடும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுப்பது. பெண்களுக்கு விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கீமோவுக்கு முன் 69 வருகிறது. இப்போது 41. கிரியேட்டினின் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் முழு அளவு சிஸ்பிளாட்டினுக்கு 60க்கு மேல் இருப்பது நல்லது, 50க்குக் கீழே பொதுவாகக் கொடுப்பதில்லை என்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மருத்துவர் ஏன் நிறுத்தி யோசிக்கிறார் என்பது புரியும். அவர் தயங்குவது அனுபவமின்மையால் இல்லை.

கீமோவையே விட்டுவிடலாமா?

அறுவை சிகிச்சையில் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது, கரண்டும் வைக்கிறோம், பிறகு கீமோ எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பலருக்கு உண்மையாகவே தேவையில்லை. ஆனால் நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் புற்று வெளியே வந்திருந்தாலோ, வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமிருந்தாலோ, கரண்டுடன் சிஸ்பிளாட்டின் சேர்ப்பது பலன் தருகிறது என்பதை 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. உங்கள் அப்பாவின் பயாப்சி அறிக்கையில் இருப்பது இதில் முதலாவது. எனவே கரண்ட் மட்டும் போதும் என்று இப்போதே முடிவெடுத்தால், காரணத்தோடு கொடுக்கப்பட்ட ஒரு பாதுகாப்பைக் கைவிடுகிறீர்கள்.

அதற்காகத் திட்டமிட்ட மூன்று டோஸையும் எப்படியாவது ஏற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. கரண்டுடன் கொடுக்கும்போது மொத்தமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 200 மி.கி. போய்ச் சேர்ந்தால் போதுமானது என்று புற்றுநோய் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். அப்பாவுக்கு முதல் தடவையில் 100 போயிருக்கிறது. சிறுநீரகம் நன்றாகத் தேறினால், மீதியை வாரம் 40 என்று சிறிய அளவாகக் கொடுக்கலாம். நம் நாட்டில் பல இடங்களில் ஆரம்பத்திலிருந்தே இப்படிக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு வாரமும் ரத்தம் பார்த்துவிட்டுக் கொடுப்பதால், கெடுவது தெரிந்தால் உடனே நிறுத்தவும் வசதி.

சிறுநீரகம் தேறாவிட்டால் மருந்தை மாற்றுவது. இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே வந்தது. சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை வைத்து மும்பை டாடா மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2023இல் வெளியானது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் இரண்டு வருடம் கழித்து 41.7 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். கரண்டுடன் டோசிடாக்செல் என்ற மருந்தை வாரம் ஒரு முறை சிறிய அளவில் பெற்றவர்களில் 50.8 சதவீதம். இந்த மருந்து வெளியேற முக்கிய வழி கல்லீரல்தான். சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. வாய்ப்புண் மட்டும் கூடுதலாக வரும். சாப்பிடவே முடியாமல் மூக்கு வழி டியூப் வைக்க வேண்டியும் வரலாம். கார்போபிளாட்டின் என்று சிஸ்பிளாட்டினின் ஒன்றுவிட்ட தம்பி போல இன்னொரு மருந்தும் உண்டு. சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடாது. ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும்.

இதில் எது நடந்தாலும், கிரியேட்டினினைக் காரணம் காட்டிக் கரண்டை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். கழுத்துக்கு வைக்கும் கரண்ட் சிறுநீரகத்தைத் தொடாது. நடுவில் இடைவெளி விட்டால் பலன் குறையும். கீமோ தள்ளிப்போன வாரத்தில் "எல்லாமே தள்ளிப்போகட்டும்" என்று வீட்டில் இருந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடைசி வரி

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது காதுச் சத்தம்தான். சிஸ்பிளாட்டின் உள்காதின் நுண்செல்களையும் கொல்லும். சிறுநீரகமாவது ஓரளவு மீளும். அந்தக் காதுச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ரீங்காரம் பெரும்பாலும் முதல் அறிகுறி. அடுத்து, கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் கேட்காமல் போகும், பிறகுதான் பேச்சு. அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தவர். பல வருடத் தறிச் சத்தம் ஏற்கனவே அந்த உயர்ந்த சத்தங்களைத்தான் தின்றிருக்கும். மிச்சமிருப்பதில் இது கை வைக்கிறது. அடுத்த டோஸுக்கு முன் ஆடியோகிராம் எனப்படும் காது கேட்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. கேட்கும் திறன் கணிசமாகக் குறைந்திருந்தால், கிரியேட்டினின் 0.9க்கே இறங்கினாலும் சிஸ்பிளாட்டினை விட்டு வேறு மருந்துக்குப் போக அதுவே போதுமான காரணம்.

கூடவே ஒன்று. காய்ச்சல் என்று உள்ளூர் கிளினிக்கில் யாராவது ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி போட வந்தால், கீமோவில் இருப்பதைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். இரண்டுமே காதையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பதம் பார்ப்பவை. சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும் முன்பும் கிரியேட்டினினைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அந்த ஒரு வாரம்

அடுத்து எந்த மருந்து என்று முடிவானாலும், கீமோவுக்கு முந்தின நாளிலிருந்து ஒரு வாரத்துக்குக் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

குடிப்பது: நாளைக்கு இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர். வெறும் தண்ணீராகவே வேண்டாம்; உப்புப் போட்ட கஞ்சி, மோர், ரசம், ஓஆர்எஸ் எல்லாம் கணக்கில் சேரும். ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னால் வாந்தி வரும். அரை மணிக்கு ஒரு சின்ன டம்ளர். பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை தினம் ஓர் இளநீர் பரவாயில்லை, மூன்று நான்கு வேண்டாம்.

அளப்பது: சிறுநீரை அளவுக் கோடு போட்ட பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஒன்றரை லிட்டருக்குக் குறைந்தால் குடிப்பது போதவில்லை என்று அர்த்தம். தினமும் காலை எடை பாருங்கள். இரண்டே நாளில் ஒரு கிலோ இறங்கினால் அது சதை இல்லை, தண்ணீர்.

வாந்தி: சிஸ்பிளாட்டின் வாந்தி இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை இரண்டாம் சுற்று வரும். அதற்குத்தான் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் ஓலான்சபின் என்ற மாத்திரையை, "இது மனநோய்க்குக் கொடுப்பது என்று கூகுளில் போட்டிருந்தது" என்று நீங்கள் கொடுக்காமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது மனநோய்க்கும் கொடுப்பதுதான். கீமோ வாந்திக்கு அது மிக நன்றாக வேலை செய்கிறது என்று 2016லேயே பெரிய ஆய்வில் உறுதியாகிவிட்டது. சில இரவுகள் மட்டும் கொடுப்பது, பழக்கமாகிவிடாது. தூக்கம் வரும், இரவில் எழும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாள் வாந்தியில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். மாத்திரை போட்டும் அரை நாளுக்கு மேல் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்ச் சலைன் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தம்: ஏழாம் நாள் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அறிக்கைகளிலும் இல்லை. அடிபட்ட நுண்குழாய்கள் மெக்னீசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விடும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, கை நடுக்கம் அதனால்கூட இருக்கலாம்.

காய்ச்சல்: கீமோவுக்குப் பிறகு சில வாரங்கள் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். 100.4 டிகிரி காட்டினால், நள்ளிரவானாலும் பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கஷாயம், பொடி

பெரியப்பாவின் அக்கறையைப் புரிந்துகொள்கிறேன். நெருஞ்சிமுள், வாழைத்தண்டு எல்லாம் கல்லடைப்புக்கு நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுப்பவை. ஆனால் இவருக்கு அடைப்பு ஒன்றும் இல்லை. கழுவித் தள்ள எதுவும் இல்லை. வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் வேறு அதிகம். பொடியைப் பற்றித்தான் என் பெரிய கவலை. அதில் என்ன இருக்கிறது என்று பெரியப்பாவுக்கே தெரியாது. ஆடுதீண்டாப்பாளை நம் ஊரில் மருந்தாகப் பயன்படும் செடி. அந்த இனத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம், 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுத்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உங்கள் பொடியில் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. பெயர் எழுதாத பொட்டலத்தை இந்த இரண்டு மாதம் மட்டும் அலமாரியிலேயே வைத்திருங்கள் என்கிறேன்.

புகார் கொடுக்கலாமா?

சிஸ்பிளாட்டின் பெறுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, எல்லாம் சரியாகச் செய்தும் ஏதோ ஓர் அளவு சிறுநீரகப் பாதிப்பு வருகிறது. பாதிப்பு வந்தது என்பதாலேயே அலட்சியம் என்றாகாது. கீமோவுக்கு முன் கிரியேட்டினின் பார்த்தார்களா, சலைன் ஏற்றினார்களா, இந்த ஆபத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கினார்களா என்று பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் தாளில் முதல் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது "நிறையத் தண்ணீர் குடிக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டது குறைதான்; எவ்வளவு, எத்தனை நாள், எந்த மாத்திரை கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதை நேரில் சொல்லுங்கள், சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கரண்ட் பாதியில் இருக்கும்போது புகாரில் இறங்கினால் சிகிச்சைதான் சிதறும். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. நகல் கையில் இருந்தால் வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்தும் கேட்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சரி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு பொருள் கையில் இருக்கட்டும்: ஆடியோகிராம், மெக்னீசியம் ரிப்போர்ட், பிபி குறித்த தாள், அந்த டைக்ளோஃபெனாக் அட்டை. அட்டையைக் காட்ட அப்பா சங்கடப்பட்டால் நீங்களே எடுத்து மேசை மீது வையுங்கள். அப்புறம், கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு டம்ளர் மோர்.